ஃபெயில் போட்டால் பிள்ளை படித்துவிடுமா?

"எட்டாவது வரைக்கும் எல்லாரையும் பாஸ் போட்டுத்தான் பிள்ளைங்களைக் கெடுத்துட்டாங்க." பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு, காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக் கல்லா, பள்ளிக்கூட ஆசிரியர் அறை என்று பெரிய காஞ்சிபுரத்தில் எங்கே போய் உட்கார்ந்தாலும் பேச்சு இந்த வாக்கியத்தில் வந்து நிற்கிறது. ஃபெயில் போடும் பயம் இருந்தால்தான் பையன் புத்தகத்தைத் தொடுவான் என்று தகப்பன் சொல்கிறார், ஆசிரியர் ஆமோதிக்கிறார். இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம். தவறு என்பதோடு நில்லாமல், நெசவுக் குடும்பங்கள் நிறைந்த இந்த ஊருக்கு ஆபத்தானதும்கூட.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-ல் அந்தப் பிரிவைத் திருத்தி, 5, 8-ம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் இவ்விரு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தது. கடும் எதிர்ப்பு கிளம்ப, 2020 பிப்ரவரியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு புதிய விதிகளை வெளியிட்டு, கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற தன் பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையிலும் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தொடரும் என்றே சொன்னது. அரசு சொல்லிவிட்டது. ஊர் மனம் மாறவில்லை. ஊர் மனம் மாறாத எந்த முடிவும் அடுத்த ஆட்சி வரைக்கும்தான் உயிரோடு இருக்கும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துவைக்கிறேன். ஒன்றும் தெரியாத பிள்ளையை மேலே தள்ளுவது அவனுக்குச் செய்யும் துரோகம். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று சுவரில் மோதி அங்கேயே விழுகிறான். எப்படியும் பாஸ் என்று தெரிந்தபின் பிள்ளைக்கும் அக்கறையில்லை, பெற்றோருக்கும் இல்லை, கற்பிப்பவருக்கும் கேள்வி கேட்பார் இல்லை. இதற்கு ஆதாரமும் காட்டுகிறார்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஆசர் என்ற கணக்கெடுப்பின்படி 2018-ல், இந்தியக் கிராமப்புறத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு மேல் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியவில்லை. வகுத்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. இந்த எண்களை நான் மறுக்கவில்லை. இந்த எண்களுக்கு இவர்கள் சொல்லும் மருந்தைத்தான் மறுக்கிறேன்.

1. நோய் எந்த வகுப்பில் தொடங்கியது என்று யாராவது கேட்டார்களா? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் தெரியவில்லை என்றால், கோளாறு நேர்ந்தது இரண்டிலும் மூன்றிலும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதிய கணக்கெல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரிக்குறி. அவனாகப் போட்ட கணக்கு ஏதோ ஒரு மூலையில் இருக்கும்: அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பான். கூட்டி வந்த விடை அரையைவிடச் சிறியதாக இருக்கிறதே என்று அவனுக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் பின்னம் என்பது ஒரு அளவு என்பதே அவனுக்கு யாரும் காட்டாத விஷயம். இந்தப் பையனை எட்டாம் வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரவைத்தால் என்ன கிடைக்கும்? அதே எட்டாம் வகுப்புப் புத்தகம்தான், அதே இயற்கணிதம்தான். அவனுக்கு வேண்டிய நான்காம் வகுப்புப் பாடம் அந்த அறையில் நடப்பதில்லை. போன வருஷம் புரியாத பாடத்தை இந்த வருஷமும் கேட்பான், கூடப் படித்தவர்கள் போய்விட்ட பெஞ்சில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில்.

2. பயம் படிக்க வைக்கும் என்பவர்கள், பயம் ஏற்கெனவே ஆட்சி செய்து முடித்த காலத்தை மறந்துவிட்டார்களா? எட்டாம் வகுப்புக்கு இ.எஸ்.எல்.சி. தேர்வு இருந்த காலத்து மனிதர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். "எட்டாவது ஃபெயில்" என்பது அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமந்த பட்டம். அந்தப் பயம் அவர்களைப் படிக்க வைத்திருந்தால் அந்தப் பட்டமே வந்திருக்காதே! ஏற்கெனவே படிக்க முடிந்த பிள்ளையைப் பயம் இன்னும் கொஞ்சம் படிக்க வைக்கும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு அது எழுத்தைச் சொல்லித்தராது. ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கும்: கடைசி பெஞ்சில், காய்ச்சல் என்ற பொய்யில், கடைசியில் வீட்டில்.

3. வெளியே ஒரு பெரிய நகரம் இதைச் செய்து பார்த்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகள் 1996-ல் "தானாக மேலே அனுப்புவதை" நிறுத்தி, 3, 6, 8-ம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தத் தொடங்கின. பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்க்ரன் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டது பள்ளிப்படிப்பை முடிப்பதில் பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடமோ பள்ளியை விட்டு நிற்பது அதிகமானது. கட்டாயக் கல்வி வயதுக்குள் பிள்ளை வீட்டில் இருந்தால் அதிகாரி கதவைத் தட்டும் நாட்டிலேயே இதுதான் கதி. பதின்மூன்று, பதினான்கு வயதில் நிறுத்துவது என்பது, வாசற்படியில் நிற்பவனின் தோளைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பிவிடுவதுதான்.

4. இந்த ஊரில் அந்த வாசற்படிக்கு வெளியே என்ன இருக்கிறது? என் மறுப்பின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு ஒரே துணியாக வர வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளி ஒரு பக்கம் உட்கார்ந்து தன் பக்கத்துக் கரைக்கும் உடலுக்கும் நாடா போடுவார். எதிர்ப்பக்கத்துக் கரைக்கு அவர் கை எட்டாது. அங்கே இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊடைக்கும் மூன்றாவது நாடாவைத் தள்ளித்தர வேண்டும். அந்த இன்னொருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். பல தலைமுறைகளாக அந்த இடத்தில் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளை, அல்லது முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் விடப்பட்ட பிள்ளை. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது, வாராணசியோடும் கர்நாடகத்தோடும் சேர்ந்து அதில் இடம்பெற்ற ஊர் காஞ்சிபுரம். நாட்டின் பெருமையாகக் காட்டப்பட்ட புடவையின் ஒரு பக்கக் கரை அப்படி நெய்யப்பட்டது.

அந்த இடத்திலிருந்து பிள்ளையை எழுப்பியது எது? சட்டமும் சோதனையும் ஒரு பங்கு. குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் ஒரு பங்கு. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் அதற்கு முன் காமராஜர் போட்ட மதிய உணவும் பெரும் பங்கு. கடைசியாக, "இவன் ஒன்பதாவது போகிறான், பத்தாவது போகிறான்" என்று வருஷா வருஷம் பெற்றோர் கண்ணுக்குத் தெரிந்த நகர்வு. அந்த நகர்வு முறியாமல் இருந்ததால்தான் வீடு பொறுத்துக்கொண்டது. இன்று பல தறிகளில் அந்த எதிர்ப்பக்கத்து இடத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைக்குப் பதில் அவள் கை போகிறது.

இப்போது அந்த வீட்டுக்கு ஒரு ஃபெயில் சீட்டை அனுப்பிப் பாருங்கள். பதின்மூன்று வயது, எட்டாவது ஃபெயில். தீபாவளி ஆர்டரோ தை முகூர்த்தமோ நெருங்குகிறது. முன்பணம் வாங்கியாகிவிட்டது. "அவனுக்குப் படிப்பு ஏறலைப்பா, வாத்தியாரே சொல்லிட்டாரு, தறியிலயாவது உட்காரட்டும்." இந்த வாக்கியத்தைச் சொல்லும் தகப்பன் கொடூரன் இல்லை. பள்ளிக்கூடம் தந்த தீர்ப்பை நிறைவேற்றுகிறான், அவ்வளவே. பெண் பிள்ளையானால் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் நிறைவேறும். அவளுக்குச் சமையலறையும் தறியும் காத்திருக்கின்றன, கூடவே கல்யாணப் பேச்சும்.

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கிறதா? கிராமப்புறத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில், மற்ற நேரம் தகப்பன் தொழிலில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி அதை எதிர்த்த தலைவர்களில் ஒருவர், இதே காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணா. எதிர்ப்பு வென்றது, காமராஜர் முதல்வரானதும் 1954-ல் திட்டம் கைவிடப்பட்டது. அன்று அரசாணை போட்டுச் செய்ய முடியாததை இன்று ஒரு மதிப்பெண் பட்டியல் சத்தமில்லாமல் செய்து முடிக்கும். யாரும் யாரையும் குலத்தொழிலுக்குப் போ என்று சொல்லத் தேவையில்லை. எட்டாவதில் நிறுத்தினால் போதும், நெசவாளி மகன் தறிக்கும் கடைக்காரர் மகன் தனிப்பயிற்சிக்கும் தானாகவே பிரிந்து போவார்கள். தேர்வு எல்லாருக்கும் பொதுதான். தோற்றபின் நடப்பது பொதுவானதல்ல.

5. "தொழில்தான் கையில் இருக்கிறதே, பிழைத்துக்கொள்வான்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: எந்தத் தொழில்? நெசவையே முறையாகப் படிக்க வேண்டுமென்றால் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே டிப்ளமோ சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு விடியலில் வேன் ஏறும் நம் தெருப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ., டிப்ளமோ என்று ஏதோ ஒரு காகிதம் கையில் இருக்கிறது. எட்டாவதில் நின்றவனுக்கு வாசலில் செக்யூரிட்டி, கேன்டீன், பாரம் தூக்கும் ஒப்பந்த வேலை. கோர்வைக் கை அருமையான கை, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். படிப்பில் தோற்றவர்களுக்கான தண்டனையாக அதை வைத்தால் அந்தக் கலைக்கும் அது அவமானம். கூலி உயர்ந்து, படித்த பிள்ளை விரும்பி வந்து உட்காரும் தறிதான் நிற்கும்.

6. ஒன்றிய அரசின் 2024 விதியே தன்னைத் தானே மறுக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? தேர்வில் தோற்ற பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, முடிவு வந்த 2 மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும், அதிலும் தோற்றால்தான் நிறுத்த வேண்டும் என்கிறது அது. நிறுத்தப்பட்ட பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும், குறை எங்கே என்று கண்டறிந்து உதவ வேண்டும் என்கிறது. ஆக, பிள்ளை தேறுவதற்குத் தேவை தனிக் கவனம், குறையறிதல், பெற்றோரோடு பேச்சு என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் அதைத் தோற்றபின் ஏன் கொடுக்க வேண்டும்? ஆறாம் வகுப்பு ஜூன் மாதத்தில் கொடுத்தால் யார் தடுக்கிறார்கள்? உதவியைப் பெற ஒரு பிள்ளை முதலில் அவமானப்பட்டாக வேண்டும் என்பது என்ன நியாயம்?

7. ஆல் பாஸ் தோற்றுவிட்டது என்கிறீர்கள். அது முழுதாக எப்போது நடந்தது? சட்டம் வெறுமனே "நிறுத்தாதே" என்று மட்டும் சொல்லவில்லை. 29-வது பிரிவில், பிள்ளைக்கு எது புரிந்தது, எதைப் பயன்படுத்தத் தெரிகிறது என்பதைத் தொடர்ச்சியாக மதிப்பிட்டுக்கொண்டே வர வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் சேர்ந்ததுதான் திட்டம். தமிழ்நாட்டில் 2012-ல் முப்பருவ முறையோடு அந்தத் தொடர் மதிப்பீடு வந்தது: பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி 40 என்ன ஆனது என்று பள்ளிப் பிள்ளை உள்ள எந்த வீட்டையும் கேளுங்கள். சார்ட் அட்டையும் தெர்மாகோல் எரிமலையும் ஆனது. பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டிய மதிப்பெண், எல்லாருக்கும் கிட்டத்தட்ட முழுதாகப் போடப்படும் மதிப்பெண்ணாகிவிட்டது. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்று 6 முதல் 8 வரை வகுப்புகளுக்கென்றே 2012-ல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். நிரந்தரம் கேட்டுப் போராடியே அவர்களுக்கு வருஷங்கள் கழிந்தன. பாதி மருந்தைக் கொடுத்துவிட்டு, குணமாகவில்லை என்று மருந்தையே குற்றம் சொல்லக் கூடாது.

8. சரி, உதவினால் தேறுவார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, அதுவும் நம் மாநிலத்திலேயே. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம் போல, தெருவிலேயே ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த 6 மாதத்துக்குள், இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்திருந்தது. அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு இல்லம் தேடிக் கல்விதான் காரணம் என்று கணித்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளி வயதினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கவனியுங்கள்: யாரையும் ஃபெயில் ஆக்காமல், யாரையும் மிரட்டாமல் நடந்தது இது. 2025-ல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் அடிப்படை தெரியாத பிள்ளைகளுக்காகத் திறன் என்ற இயக்கத்தை அரசு தொடங்கியிருக்கிறது. தாமதம்தான், திசை சரி. அதை வளரறி மதிப்பீட்டின் கதிக்கு விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே இப்போது ஊர் செய்ய வேண்டிய சண்டை.

9. ஆறிலிருந்து எட்டு வரை அந்தப் பிள்ளையை யார் தாங்குகிறார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஐந்தாவது வரை ஒரே ஆசிரியர், அவருக்கு இந்தப் பிள்ளையின் வீடு தெரியும், அம்மா பெயர் தெரியும். ஆறாவதில் ஊரின் மறுகோடியில் பெரிய பள்ளி. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஒருவருக்கும் இவனை முழுதாகத் தெரியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் வீட்டில் அடுப்பு எரிய நேரமாகும். ஐந்தாவது படிக்கும் தங்கை பள்ளியில் பொங்கல் சாப்பிடுவாள், ஆறாவது போன அண்ணன் வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் கணக்குப் போடுவான். வளர்கிற வயது யாருக்கு? உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததைத்தான் தகுதியாகக் கணக்கிடுகின்றன. பரிசு ஆறாவதிலிருந்து எண்ணப்படுகிறது. துணையும் அங்கிருந்தே தொடங்கட்டும்.

குடும்பங்களுக்கு அக்கறையில்லை என்ற பழியையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வராத அம்மாவைப் பற்றி ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். அவள் எழுந்து வந்தால் தறி நிற்கும் என்பதை மேலே சொன்னேன். நெய்ததற்குத்தான் கூலி, நின்ற நேரத்துக்கு இல்லை. வேலை நாள் பகலில் கூட்டத்தை வைத்துவிட்டு வரவில்லை என்று எழுதுவது நியாயமா? அமாவாசைக்குத் தறி ஓட்டாத வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. கூட்டத்தை அன்று வையுங்கள், அல்லது விளக்கு வைத்தபின் தெருவிலேயே வையுங்கள். வந்தவர்களிடம் மதிப்பெண்ணைப் படித்துக் காட்டாதீர்கள். பிள்ளைக்குப் பின்னம் தெரியவில்லை, ஆகஸ்டுக்குள் இதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம், தினம் அரை மணி நேரம் அவனைத் தறிப் பக்கம் கூப்பிடாமல் விடுங்கள் என்று சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் மறுக்கும் பெற்றோர் அதிகம் இருக்க மாட்டார்கள்.

10. இதற்கெல்லாம் பணம் எங்கே என்பது கடைசி ஆயுதம். ஒரு பிள்ளையை ஓராண்டு நிறுத்தி வைப்பது இலவசமா? இரண்டாவது முறை பாடநூல், சீருடை, மதிய உணவு, ஆசிரியர் சம்பளத்தில் அவன் பங்கு, வகுப்பறையில் அவன் இடம் என்று ஓராண்டுச் செலவு முழுதாக இன்னொரு தடவை ஆகிறது. செலவழித்தபின் கிடைப்பது அதே புத்தகமும், வீட்டில் ஒரு வருஷம் மூத்துப்போன பையனும். இருபது பேரை நிறுத்தும் பள்ளி, இருபது பிள்ளைகளின் ஓராண்டுச் செலவைச் செய்கிறது. அந்தப் பணத்தில் ஆறாம் வகுப்புக்கென்று கூடுதலாக ஓர் ஆசிரியரை ஜூன் மாதமே அமர்த்தி, அந்த இருபது பேருக்கும் கழித்தலிலிருந்தும் எழுத்துக் கூட்டலிலிருந்தும் தொடங்கலாம்.